காவடிக்கு முன் உச்சரிப்பு வகுப்பு

2025 ஜனவரி 12, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பிப்ரவரி 11 தைப்பூசக் காவடி. அன்று கோவிலில் பிள்ளைகள் மைக் முன்னால் முருகன் பாட்டு சொல்ல வேண்டும், உச்சரிப்பு என் பொறுப்பு. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளர்கிற பிள்ளைகள். பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "மிஸ், பிள்ளைக்கு ழ வருமா?" வரும், நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்தை வருடினால் போதும், தொல்காப்பியத்தின் பிறப்பியலும் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் வாளைப்பளம் தின்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் இத்தனை பதற்றம்?

ஜனவரி 19

என் கவலை வேறு. 'வேல்' என்று சொல்லச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 'வெல்' என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கையில் இருக்கும் தாளில் பாட்டு ரோமன் எழுத்தில் இருக்கிறது, அதில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பதே கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம்தானே, அதனால் தாளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் விரல் சொடுக்க வைத்தேன். பல், பால். கல், கால். படு, பட்டு, பாட்டு. ஒரே சத்தம், ஆனால் 'வேல்' நீண்டது.

ஜனவரி 26

இன்று ரகரம். கிரியோல் 'ர' தொண்டையில் பிறக்கிறது, அசையின் கடைசியில் வந்தால் காணாமலே போகிறது, ஆக 'கார்த்திகேயா' 'காத்திகேயா' ஆகிவிடுகிறார். பேரனைக் கூட்டிப்போக வந்த பாட்டி ஒருவர் வாசலில் நின்றபடியே, "வாயத் தொறந்து சொல்லுடா, முழுங்காத!" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதைவிட அது வேலை செய்தது.

பிப்ரவரி 2

விரத நாட்கள். கோவில் மண்டபத்தில் மைக் வைத்துப் பார்த்தோம், எதிரொலி பயங்கரம். வாயை ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கிறது, கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் பிடித்தால் தெளிவு. கத்தினால் எதிரொலிதான் கூடுகிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு நிதானமாகச் சொன்னபோது பின்வரிசை வரை கேட்டது.

பிப்ரவரி 9

யாரை முன்னால் நிறுத்துவது என்று சச்சரவு. ழகரம் அழகாக வரும் பெண்ணைத்தான் கமிட்டியில் கேட்டார்கள், ஆனால் அவள் ரயில் வேகத்தில் சொல்கிறாள், குறில் நெடில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. பழனியைப் 'பளனி' என்றாலும் ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்கிற பையன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். சரி, உங்கள் இஷ்டம் என்றுவிட்டார்கள்.