மாமாவின் பட்டறைக்கு ஒரு அறுப்பு மேசை: ஆறு மாதம் செய்து பார்த்தது

என் மாமா ஆசாரி. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் நகம் இருக்க வேண்டிய கணு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு நாற்காலிக்கு ரீப்பர், அதாவது ஒல்லியான நீளச் சட்டம், அறுக்கும்போது போனது. கல் அறுக்கும் கைமெஷினான மார்பிள் கட்டரைத் தலைகீழாக பிளைவுட் பலகைக்கு அடியில் மாட்டி, பிளேடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மேசை அது. செலவு குறைவு, அரை நாளில் செய்துவிடலாம் என்பதால் சின்னப் பட்டறைகளில் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். விரல் போன பிறகும் மாமா அதே மேசையில்தான் அறுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். நான் ஆசாரி இல்லை. வெல்டிங் தெரியும், மோட்டார் கட்டத் தெரியும். மரம் பற்றித் தெரிந்ததெல்லாம் மாமா சொல்லித் தந்ததுதான்.

எங்கள் ஊர் குலசேகரத்துக்குப் பக்கம். அருமனை வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் கேரள எல்லை. எங்கே திரும்பினாலும் ரப்பர் தோட்டம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டி ஓய்ந்த மரங்களை முறித்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்த மரத்தடி விலை குறைவு, நிறம் வெளுப்பு, இழைத்தால் வழவழப்பாக வரும். அறுத்த உடனே போரிக் ஆசிடும் போராக்ஸும் கலந்த மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை நீலம் பிடிக்கும், வண்டு துளைக்கும். மருந்து ஏற்றினால் வீட்டுச் சாமானுக்கு அருமையான மரம். ஆனால் ரப்பர் கட்டைக்குள் ஒரு இறுக்கம் ஒளிந்திருக்கிறது. நீளவாக்கில் அறுக்க அறுக்க, பிளந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று தேடி வந்து ஒட்டப் பார்க்கும். நடுவில் பிளேடு மாட்டிக்கொள்ளும்.

விபத்து அங்கேதான் பிறக்கிறது. வட்டப் பிளேடின் முன்பக்கப் பற்கள் கட்டையைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி வரும். பிளந்த மரம் பின்னால் வந்து இறுகினால், அந்தப் பற்கள் கட்டையைத் தூக்கி, நிற்கிற ஆளை நோக்கி வீசும். பத்து அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்கு 38 மீட்டர். மணிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 138 கிலோமீட்டர். கட்டை பறப்பது ஒன்று. அதை அழுத்திக்கொண்டிருந்த கைக்கு அடியில் திடீரென்று ஒன்றும் இல்லாமல் போய், கை பிளேடின் மேல் விழுவது இன்னொன்று. மாமாவுக்கு நடந்தது இரண்டாவது.

முதல் மாதம்

பழைய மேசையை எடுத்துப் போட்டுவிட்டு, 40 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் வெல்டு செய்தேன். இரண்டு குதிரைத்திறன் மோட்டார், பெல்ட், பேரிங்கில் ஓடும் தண்டு, பத்து அங்குல கார்பைடு பிளேடு. மேலே 18 மி.மீ. பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டியது. அது வரைக்கும் எல்லாரும் செய்வதுதான்.

அப்புறம் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு. நான் அதைப் பின்தகடு என்று சொல்கிறேன். பிளேடு போன வழியிலேயே பின்னால் வந்து, பிளந்த மரம் ஒட்டாமல் விலக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. 3 மி.மீ. தகடு கையில் இருந்தது, அதையே வெட்டி மாட்டினேன். முதல் கட்டை பாதி வழியில் முட்டி நின்றுவிட்டது. பிளேடின் பல் அகலம் 2.8 மி.மீ. அது போட்ட வழியில் 3 மி.மீ. தகடு எப்படி நுழையும்? பல்லைத் தாங்கும் பிளேடு வட்டின் கனம் 1.8 மி.மீ. தகடு இந்த இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் தேடி 2.5 மி.மீ. தகடு வாங்கி வந்து, பிளேடின் வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைத்து வெட்டினேன். பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 5 மி.மீ. பிரிட்டனில் தொழிற்கூடங்களுக்குச் சொல்லும் அளவு, மேசை மட்டத்தில் 8 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது. நான் அதற்குள்ளேயே நின்றுகொண்டேன்.

தகட்டின் தலையைப் பிளேடின் உச்சிக்கு இரண்டு மி.மீ. கீழே வைத்தேன். இந்த இரண்டு மி.மீ.க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தகடு பிளேடை விட உயரமாக இருந்தால், முழுக்க அறுக்காமல் மேலோட்டமாகக் காடி போடும் வேலைக்கு அதைக் கழற்ற வேண்டும். ஒரு தடவை கழற்றியதை ஆசாரி திரும்ப மாட்ட மாட்டார். நான் பார்த்த பட்டறைகளில் மெஷினோடு வந்த கவசமெல்லாம் மேசைக்கு அடியில் மரத்தூள் மூடிக் கிடக்கிறது. வேலைக்குக் குறுக்கே நிற்கிற பாதுகாப்பு ஒரு வாரம் தாங்காது. அதனால் இந்த மேசையில் எதையும் கழற்றத் தேவை வரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பிளேடை உயர்த்தி இறக்கும்போது தகடும் கூடவே ஏறி இறங்கும்.

நீலப்பொடி

மேசையைக் கொண்டுபோய் வைத்த அன்று ஒரு யோசனை தோன்றியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன், பிளேடு சுற்றாது. நூல் அடிக்க வைத்திருக்கும் நீலப்பொடியை மாமாவின் இரண்டு உள்ளங்கையிலும் நன்றாகப் பூசினேன். பிளேடின் வழியில் கைவாளால் முன்பே பிளந்து வைத்த பத்துத் துண்டுகளைக் கொடுத்து, “மாமா, எப்பவும் தள்ளுற மாதிரி தள்ளுங்க” என்றேன்.

அவர் தள்ளி முடித்ததும் மேசையைப் பார்த்தோம். வெள்ளைச் சன்மைக்கா மேல் நீல விரல்கள். பெரும்பாலும் தள்ளித்தான் இருந்தன. ஆனால் குட்டை ரீப்பரை முடிக்கிற இடத்தில், பிளேடின் வலப்பக்கம், இரண்டு விரற்கடை தூரத்தில் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. இடப்பக்கம், அறுந்த துண்டை ஒதுக்கிவிடப் போன மூன்று விரல்களின் இழுவல், பிளேடின் பின்பல்லுக்கு நேரே.

மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “மக்கா, எனக்க கை இவ்வளவு கிட்டப் போவுதுண்ணு எனக்கே தெரியாது” என்றார். நாற்பது வருடக் கை. அது எங்கே போகிறது என்று கண் பார்ப்பதில்லை.

பிளேடைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் கட்டம் போட்டேன். அதற்குள் ஒரு நீலப்புள்ளிகூட விழக் கூடாது. அதுவும் மாமாவிடம் “கையை எடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லாமல்.

இரண்டாம், மூன்றாம் மாதம்

தள்ளுகட்டை என்ற சாமான் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கையால்தான் தள்ளுவார்கள், ஏனென்றால் வேண்டிய நேரத்தில் அது கைக்கு எட்டுவதில்லை. நான் செய்த தள்ளுகட்டை கைடு கட்டையின் மேல், அதாவது அறுக்கும் மரத்தை ஒட்டித் தள்ள பிளேடுக்கு இணையாக நிற்கும் கட்டையின் மேல், குதிரையேறி உட்கார்ந்திருக்கும். முன்னும் பின்னும் ஓடும். தனியாக எடுத்து எங்கேயும் வைக்க முடியாது. பின்னால் ஒரு குதிகால், அது கட்டையின் வாலைப் பிடித்துத் தள்ளும். மேலே இழைப்புளியில் இருப்பது போல ஒரு பிடி. அந்தப் பிடியை மாமாவே அயினி மரத்தில் செதுக்கினார். அவர் கைக்கு அவரே செதுக்கியது என்பதால் கை தானாகவே அங்கே போகிறது.

குறுக்கு அறுப்புக்கு மேசையின் இடப்பக்கத்தைத் தனியாகப் பிரித்து, டிராயர் சேனலில் ஓடும் பலகையாக்கினேன். கட்டையை அதன் மேல் ஒரு கிளாம்பால் இறுக்கிவிட்டு, பிளேடிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும். சாதாரண சேனல் ஒரு மாதத்தில் ஆட்டம் கண்டது, மரத்தூள் உள்ளே போய்விட்டது. இரண்டாவது தடவை பேரிங் வைத்த கனமான சேனல் போட்டு, மேலே ரெக்சின் பட்டை மூடினேன். இப்போது மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கு தெரிவதில்லை.

ஒன்று முக்கியம். ஒரே அளவில் நிறையத் துண்டு வேண்டும் என்றால் கட்டையின் நுனியைக் கைடு கட்டையில் முட்டக் கொடுத்துக் குறுக்கே அறுப்பது வழக்கம். அறுந்த துண்டு பிளேடுக்கும் கைடுக்கும் இடையில் அகப்பட்டுத் தெறிக்கும். அதற்காக, அளவுக்கு நுனி முட்டும் முட்டுக்கட்டையைப் பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அளவு அங்கே எடுத்தாகிவிடும். பிளேடிடம் வரும்போது துண்டுக்கு வலப்பக்கம் காலியிடம்.

ஸ்விட்ச்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் எங்கள் பக்கம் ரப்பர் மரம் சாய்ந்து கம்பி அறுவது வழக்கம். கரண்ட் போகும், வரும். சாதாரண ஸ்விட்ச் போட்ட மெஷினில், கரண்ட் இல்லாதபோது பிளேடைத் துடைத்துக்கொண்டிருக்கும் கைக்கு என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்கும். இதற்கு வழி ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றிலும் இருக்கிறது: மோட்டார் ஸ்டார்ட்டர். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்தான் (coil) இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தாமல் ஓடாது. அதையே மாட்டினேன்.

சிவப்புப் பட்டனுக்கு முன்னால், முழங்கால் உயரத்தில், கீல் வைத்த ஒரு அகலப் பலகை. இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது நிறுத்த வேண்டும் என்றால் முழங்காலால் இடித்தால் போதும். அந்தப் பலகையிலேயே பைக் பிரேக் கேபிளைக் கட்டி, தண்டுப் புல்லியில் ஒரு பிரேக் கட்டை அழுத்தும்படி செய்தேன். பிரேக் இல்லாமல் பிளேடு ஓய 18 நொடி ஆகிறது. விரல் போவதற்கு அந்த நேரம் தாராளம். சத்தம் குறைந்ததுமே கை தானாக நீளும்.

முதலில் பிரேக்கை இறுக்கமாக வைத்தேன், மூன்று நொடியில் நின்றது. சந்தோஷமாக நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுப் பிளேடைத் தொட்டால் ஆடுகிறது. நட்டு அரைச் சுற்று கழன்றிருந்தது. பிளேடு ஓடுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் நட்டு இறுகும்படிதான் மரை வெட்டியிருக்கும், அதனால் அறுக்கும்போது நட்டு இறுகும். படாரென்று பிடித்தால் பிளேடின் வேகம் நட்டைக் கழற்றும் திசையில் இழுக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஏழு நொடிக்குக் கொண்டுவந்தேன். பிரிட்டனில் சொல்லும் வரம்பு பத்து நொடி. பிளேடின் இரண்டு பக்கமும் பெரிய வட்டு வைத்து, தண்டோடு சேர்த்து ஊசி அடித்தேன். இன்றுவரை தினமும் காலையில் நட்டைச் சாவி போட்டுப் பார்க்கிறோம்.

தோல் பட்டதும் பிளேடு நிற்கும் மெஷின் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்த சாஸ்டாப் அது. பிளேடில் ஒரு சின்ன மின்சமிக்ஞை ஓடும். மனித உடல் பட்டதும் அது மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்தும். அந்த நேரத்தில் பிளேடு கால் சுற்றுதான் போயிருக்கும். மகத்தான வேலை. ஆனால் நனைந்த மரமும் மின்சாரம் கடத்தும், அதனால் ஏமாந்து நிற்கும். ஒரு தடவை நின்றால் அந்த அலுமினியக் கட்டை இருக்கும் பெட்டியும் பிளேடும் மாற்ற வேண்டும். மில்லிலிருந்து ஈரத்தோடு ரப்பர் கட்டை வரும் பட்டறைக்கு அது சரிப்படாது.

ஆறாம் மாதம்

மேலே மூடும் கவசம் கடைசியாகத்தான் வந்தது. அக்ரிலிக் அடிபட்டால் நொறுங்கும் என்பதால் பாலிகார்பனேட் வாங்கி, பின்தகட்டிலேயே தொங்கவிட்டேன். கட்டை வந்தால் தானாக ஏறும், போனதும் இறங்கும். தூள் ஒட்டிக்கொண்டு கோடு தெரியவில்லை என்று மாமா இரண்டு நாள் முறையிட்டார். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீளக் கண் வெட்டியதும் அடங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நீலப்பொடி பூசினோம். பத்துக்குப் பதில் முப்பது துண்டு: ரீப்பர், குட்டைக் கால், முக்கோணத் துண்டு. தள்ளுகட்டையின் பிடி முழுக்க நீலம். குறுக்குப் பலகையின் கம்பி நீலம். சிவப்புக் கட்டத்துக்குள் இடப்பக்கம் மட்டும் ஒரு தீற்றல், அறுந்த துண்டை ஒதுக்கப் போன விரல். மாமா குனிந்து பார்த்து, “பாக்கியெல்லாம் கொள்ளாம் மக்கா, இது ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

அறுந்த துண்டு தானாகச் சரிந்து விழும்படி இடப்பக்கம் ஒரு சாய்வுத் தகடு வைக்கப் போகிறேன். அட்டையில் வெட்டிப் பார்த்தாகிவிட்டது. 20 டிகிரி சாய்வில் ரீப்பர் துண்டு விழுகிறது, பால் பிசின் ஒட்டிய துண்டு விழவில்லை. தகட்டில் சன்மைக்கா ஒட்டிப் பார்க்க வேண்டும்.