அரை ஆக்சிலேட்டரில் ஓடும் ரொட்டவேட்டர்

எங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் பலர் மினி டிராக்டருக்கு மாறிவிட்டார்கள். மரத்துக்கு மரம் 25 அடிதான் இடைவெளி. நடுவில் ஜாதிக்காய், கோகோ என்று ஊடுபயிர் வேறு. பெரிய வண்டியை உள்ளே விட்டுத் திருப்ப முடியாது. என்னிடம் இருப்பது 24 எச்.பி. வண்டி. சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர், மட்டை அரைக்கும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு மூன்றுமே பி.டி.ஓ.வில்தான், அதாவது இன்ஜின் பவரைக் கருவிகளுக்குக் கொடுக்க வண்டியின் பின்னால் சுற்றும் ஷாஃப்ட்டில்தான், ஓடுகின்றன. அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல், "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க" என்பது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வண்டியில் குறையே இருக்காது. ஆக்சிலேட்டர் பாதியில் நின்றுகொண்டிருக்கும்.

பானெட்டில் எழுதியிருக்கும் 24 இன்ஜினுடைய கணக்கு. கியர், பேரிங், ஹைட்ராலிக் பம்பு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக, பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது 20, 21 இருக்கும். அதுவும் இன்ஜின் அதற்குரிய சுற்றில் ஓடினால்தான். பவர் என்பது முறுக்கையும் (ஷாஃப்ட்டைத் திருகும் வலு) சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. பி.டி.ஓ.வுக்கு வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அந்த 540 சுற்றில் 20 எச்.பி. எடுக்க ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 265 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதே 20 எச்.பி.யை 360 சுற்றில் கேட்டால் கிட்டத்தட்ட 400 வேண்டும். இன்ஜினால் அது முடியாது. முடிந்தாலும் கிராஸும் (ஷாஃப்ட் வளைந்து ஓட உதவும் சிலுவை மூட்டு) கியர்பாக்ஸும் தாங்காது.

எங்கள் தோப்புக்கு வரும் டிரைவர் அண்ணனுக்கு இரண்டாவது கியரில் அரை ஆக்சிலேட்டர் வைத்து ஓட்டித்தான் பழக்கம். "இவ்ளோ கத்த விட்டா டீசல் போயிருமுங்க" என்பார். ஒண்ணாவது கியரில் முழுக்க ஏற்றி ஓட்டினாலும் வண்டி நகரும் வேகம் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசமெல்லாம் கத்தியில் இருக்கிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். கத்திகள் மாட்டிய ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றி, தகட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று கத்தி இருந்தால், ஒவ்வொரு கத்தியும் 8 சென்டிமீட்டர் மண்ணைக் கடிக்கும். அதே நடையில் ரோட்டர் 133 சுற்றுக்கு இறங்கினால் கடி பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடும். மண் பொடியாகாமல் கட்டி கட்டியாக விழும். மணிக்கு எரியும் டீசல் கொஞ்சம் குறையலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கட்டியை உடைக்க இன்னொரு தடவை ஓட்டுகிறோமே, அந்த டீசலை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கியரில் ஆக்சிலேட்டரை மட்டும் குறைத்தால் நடையும் கத்தியும் சேர்ந்தே குறையும். கடியின் அளவு அப்படியே இருக்கும், வேலை மட்டும் தாமதமாகும். மண் எவ்வளவு பொடியாக வேண்டும் என்பதைக் கியரில்தான் முடிவு செய்ய வேண்டும். கை ஆக்சிலேட்டரை 540-க்கு உரிய இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அந்த இடத்தில் வைப்பதற்கு டீசல் இன்ஜினின் குணமும் ஒரு காரணம். முழு வேகத்தில் ஓடும்போது கத்தியில் ஒரு தென்னை வேர் மாட்டினால் சுற்று கொஞ்சம் இறங்கும். இறங்க இறங்க, ஒரு கட்டம் வரை, இன்ஜினின் முறுக்கு கூடும். இன்ஜின் சுற்றைச் சீராக வைக்கும் கவர்னரும் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். உறுமிக்கொண்டே வேரைத் தாண்டிவிடும். ஏற்கெனவே கீழே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு இறங்க இடமில்லை. கரும்புகை தள்ளி, அப்படியே நின்றுவிடும்.

டேஷ்போர்டு மீட்டரில் 540-க்கு ஒரு அடையாளம் இருக்கும். பழைய வண்டி மீட்டரை நான் நம்புவதில்லை. ஒளியால் சுற்றைக் கணக்கிடும் கையடக்க டாக்கோமீட்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. கருவி எதுவும் மாட்டாத ஷாஃப்ட்டில், வண்டி நின்றிருக்கும்போது, பளபளக்கும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து தள்ளி நின்று அளந்தால் போதும். சுமையில்லாமல் 540-க்குச் சற்று மேலே வைத்துவிடுங்கள், மண்ணில் இறங்கியதும் சரியாக வந்து நிற்கும். வேலையின்போது முள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தால் நான் கியரைக் குறைப்பேன், இல்லை ஆழத்தைக் குறைப்பேன். ஆக்சிலேட்டரைத் தொடமாட்டேன்.

டீசலை மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது, மருந்தடிப்பில். பல மினி வண்டிகளில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு வேகம் உண்டு. உதாரணமாக, இன்ஜின் 2400-ல் ஒன்று 540-ம் மற்றொன்று 750-ம் கொடுக்கும் என்றால், 750 கியரைப் போட்டு இன்ஜினை 1730 பக்கம் வைத்தாலே 540 வந்துவிடும். பம்புக்கு முழு பவர் எதற்கு? சத்தமும் குறையும். ஆனால் அந்தக் கியர் போட்டிருப்பதை மறந்து, 540-க்குச் செய்த கருவியை முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிவிடாதீர்கள். வேகம் 1.4 மடங்குதான், கத்தியை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மட்டை அரைக்கும்போது சத்துரு தூசிதான். நார்த்தூள் ரேடியேட்டர் வலையில் மெத்தை போல் படிந்து இன்ஜின் சூடாகும், ஏர் ஃபில்டர் அடைத்து மூச்சு முட்டும். தூள் நம் வண்டிப் பக்கம் வராதபடி காற்றின் திசை பார்த்து நிறுத்துவது பாதி வைத்தியம். ரொட்டவேட்டருக்கு வந்தால், தேய்ந்த கத்தியும் அளவுக்கு மீறிய அகலமும்தான் பவரைத் தின்பவை. 24 எச்.பி.க்கு நாலடி போதும். அஞ்சடி வாங்கச் சொல்லும் கடைக்காரர் வந்து ஓட்டப் போவதில்லை.

பி.டி.ஓ.வையும் கருவியையும் இணைக்கும் கார்டான் ஷாஃப்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அதில்தான் கவலை அதிகம். கிராஸ் வளைந்து ஓடும்போது வெளியே போகும் சுற்று சீராக இருக்காது. 30 டிகிரி வளைவில், ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் 15 சதவீதம் வரை ஏறி இறங்கும். இரண்டு முனைக் கிராஸும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று சரிக்கட்ட வேண்டுமானால், நடுக்குழாயின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இது தப்பினால் வண்டியே அதிரும். வரப்போரம் திருப்ப ரொட்டவேட்டரை உச்சிக்குத் தூக்கினால் கடகடவென்று ஒரு சத்தம் வருமே, அது கிராஸ் அழுவது. பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், இல்லையென்றால் லிஃப்ட் உயரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ மாட்டினால் கத்தக்கூட நேரம் கிடைக்காது. அதனால் பிளாஸ்டிக் உறை உடைந்த ஷாஃப்ட்டை எங்கள் தோப்பில் ஓட்ட விடுவதில்லை, வாடகை வண்டியாக இருந்தாலும் சரி.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தாளை விட்டுவிட்டு, மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பி.டி.ஓ.வில் அளந்த பவர் அதில் இருக்கும். சாதாரண வெப்பத்தில் ஒரு எண், 43 டிகிரி சுற்றுப்புறத்தில் இன்னொரு எண். இரண்டாவது எண் சிறியதாக இருக்கும். பங்குனி, சித்திரையில் உழுபவர்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான்.