பாயின் பலகையும் மாமாவின் பாடமும்

1997 ஆசிய நிதி நெருக்கடியைப் பற்றிப் பொருளாதாரம் படித்தவர்களிடம் கேட்டால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் (ஏற்றுமதி முதலியவற்றில் வரும் பணத்தைவிட இறக்குமதி முதலியவற்றுக்குப் போகும் பணம் அதிகமாவது) ஆரம்பிப்பார்கள். மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாணயம் மாற்றும் கடை வைத்திருந்த பாய், தன் விலைப்பலகையில் ஆரம்பித்தார்.

"தம்பி, ஜூலையில ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளின்னு (மலேசிய ரிங்கிட்) எழுதினேன். ஜனவரியில 4.80 தொட்டுருச்சு. ஒரே நாள்ல நாலு தடவை அழிச்சு எழுதியிருக்கேன்."

பக்கத்தில் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்த என் மாமா ஓய்வுபெற்ற பொருளாதார விரிவுரையாளர். சும்மா இருப்பாரா? தாய்லாந்தை இழுத்தார். அங்கே நிறுவனங்கள் வாங்கிய கடன் டாலரில், வருமானமோ அந்நாட்டு நாணயமான பாட்டில். ('பாட்டில்' என்றதும் கடைப் பையன் திரும்பிப் பார்த்தான்.) பாட்டை டாலரோடு கட்டி வைத்திருந்ததால் யாருக்கும் பயமில்லை. 1997 ஜூலை 2ஆம் தேதி கட்டு அவிழ்ந்து, டாலருக்கு எதிராகப் பாட் சரிந்தது. வாங்கிய கடன் உட்கார்ந்த இடத்திலேயே வீங்கிவிட்டது. நம் நாட்டில் டாலர் கடன் அவ்வளவு இல்லை, பங்கு வாங்க உள்ளூர் வங்கிகள் அள்ளிக் கொடுத்ததுதான் கழுத்தைப் பிடித்தது என்றார்.

சரி, 1998 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீரின் அரசு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிறுத்தி, வெளிநாட்டாரின் பங்கு முதலீட்டுப் பணம் ஒரு வருடம் வெளியேறக் கூடாது என்றதே, அதுதானே காப்பாற்றியது என்று கேட்டேன்.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "தென்கொரியா பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐஎம்எப்) கடன் வாங்கியே 1999இல் எழுந்துவிட்டது. நாம் வாங்காமல் எழுந்தோம். எது மருந்துன்னு சொல்வே?"

"மருந்தோ என்னமோ, 2005 ஜூலை வரைக்கும் டாலர் வரிசையில எனக்கு அழிக்கிற வேலையே பெரிசா இல்லை" என்றார் பாய்.