ஜிப்சிக்கு 4-2-1 ஹெடர்: கோணாத ஃபிளேஞ்ச் ஒருவழியாகக் கைகூடியது

என் மாருதி ஜிப்சி கிங்குக்கு நானே ஒரு ஹெடர் செய்துவருகிறேன்; எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி அது. அந்தக் குழாய்களை எஞ்சின் ஹெட்டோடு பிணைக்கும் தகடான ஃபிளேஞ்ச், வெல்டிங் முழுவதும் முடிந்து ஜிக்கிலிருந்து (வெல்டிங்கின்போது இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) கழற்றிய பிறகும் நேராகவே நிற்கிறது. ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில் வைத்து, நான்கு துளைகளுக்கும் நடுவே 0.1 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் அது உள்ளே போகவில்லை. ஹெடர் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும் என்பதால், எஞ்சிய வேலைகள் முடியும்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

வண்டி, 16 வால்வுகளும் எம்பிஎஃப்ஐயும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பெட்ரோல் தெளிப்பான்) கொண்ட ஜி13பிபி எஞ்சின் வைத்தது. 1298 சிசி, நிமிடத்துக்கு 6000 சுற்றில் 80 குதிரைத்திறன், 4500 சுற்றில் 103 நியூட்டன் மீட்டர் என்பது நிறுவனம் தந்த கணக்கு. ஆஃப்ரோடு ஓட்டுபவர்களுக்கு இந்த எஞ்சினின் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்ததே: மேலே நன்றாகப் பாடும், ஆனால் 2000 சுற்றுக்கும் 3500 சுற்றுக்கும் இடையில், பாறை ஏறும்போது உண்மையில் வேண்டியிருக்கும் இடத்தில், இழுவை போதாது. ஆகவே நான் தேடியது 6000 சுற்றில் கிடைக்கும் கூடுதல் குதிரைகளை அல்ல. நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை நிரப்புவதே நோக்கம்.

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஹெடர்கள் பெரும்பாலும் 4-1 அமைப்பில் (நான்கு குழாய்களும் நேரே ஒன்றாகச் சேர்வது), வேண்டியதைவிடப் பெருத்த குழாயில் வருகின்றன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சத்தமும் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு சிலிண்டருக்கு 325 சிசிகூட இல்லாத எஞ்சினுக்கு ஒன்றரை அங்குலக் குழாயை மாட்டினால், குறைந்த சுற்றில் புகையின் வேகம் செத்துப்போகிறது. வேகம் செத்தால் சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றும் வேலையும் நடப்பதில்லை. அதை மாட்டிய வண்டிகள் சேற்றில் முதல் கியரைவிட்டு மேலே வராமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விற்பவர்கள் ஒரே ஒரு அளவை எல்லா வண்டிகளுக்கும் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் நெடுநாள் வருத்தம்.

எனவே நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேரும் 4-2-1 அமைப்பை எடுத்து, அளவுகளை நானே கணக்கிட்டேன். பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் பழங்காலமாகப் பயன்படுத்தும் சூத்திரம்தான்: எக்ஸாஸ்ட் வால்வு கீழ் மையத்துக்கு (பிஸ்டன் மிகக் கீழே நிற்கும் புள்ளி) எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதை 180 உடன் கூட்டி, 850 ஆல் பெருக்கி, வேண்டிய சுற்றால் வகுத்து, ஹெட்டுக்குள் இருக்கும் பாதைக்காக 3 அங்குலத்தைக் கழிக்க வேண்டும். வால்வு 50 டிகிரி முன்னால் திறப்பதாக வைத்துக்கொண்டால், 4500 சுற்றுக்கு ஏறத்தாழ 40 அங்குல நீளமும், 3500 சுற்றுக்கு 53 அங்குல நீளமும் வருகின்றன. எனக்கு 3500தான் ஆசை. ஆனால் 53 அங்குலத்தை ஜிப்சியின் அடியில் சுற்றிக் கொண்டுபோனால் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் ஒரு பகுதியைப் பலிகொடுக்க வேண்டும், முதல் பாறையிலேயே குழாய் நசுங்கும். ஆகவே 4000 சுற்றில் நிலைகொண்டேன். அதற்கு 46 அங்குலம்: முதல்நிலைக் குழாய்கள் நான்கும் 15 அங்குலம், இரண்டாம்நிலை இரண்டும் 31 அங்குலம்.

விட்டம் அதே கணக்கில் 27.5 மி.மீ. உள்விட்டமாக வருகிறது. சந்தையில் கிடைக்கும் ஒன்றேகால் அங்குல 304 ஸ்டெயின்லெஸ் குழாய், 1.5 மி.மீ. தகட்டுக் கனத்தில் 28.75 மி.மீ. உள்விட்டம் தருகிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெரிதுதான். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் ஓரங்குலக் குழாய் எஞ்சினை நெரித்துவிடும் என்பதால் இதையே எடுத்தேன். இரண்டாம்நிலைக்கு 36 மி.மீ. வேண்டியிருக்க, ஒன்றரை அங்குலக் குழாயின் 35 மி.மீ. உள்விட்டம் போதும். இங்கே சற்றுக் குறைவாக இருப்பது குறைந்த சுற்றுக்கு நல்லதே.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 ஆகையால் 1 உடன் 4, 2 உடன் 3 சேர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ஜோடியிலும் துடிப்புகள் 360 டிகிரி இடைவெளியில் வரும். முதல் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயில் மூன்றாவது சிலிண்டர் தன் வால்வைத் திறந்து, முழு அழுத்தத்தோடு புகையைத் தள்ளுகிறது. நான்கும் சீக்கிரமே ஒன்றாகக் கலக்கும் குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் அந்த அழுத்தம் பக்கத்துச் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிப் புகுந்துவிடும். இந்த ஒரு சண்டையைத் தடுத்தாலே நடுச்சுற்றில் இழுவை வருகிறது.

இனி ஃபிளேஞ்ச். என் பார்வையில் ஹெடர் வேலை என்பதே இதுதான். மீதி எல்லாம் குழாய் வெட்டுவது.

கேஸ்கெட்டைப் பதித்து வரைந்து, 10 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் லேசர் வெட்டு எடுத்தேன். இவ்வளவு கனமான தகடு எங்கே வளையப்போகிறது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் குழாயைச் சுற்றி வெளிப்பக்கம் மட்டும் பற்றவைத்தால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கத்தையே இழுக்கிறது. நான்கு துளைகளிலும் இதே இழுப்பு சேர்ந்து, தகட்டின் இரு முனைகளும் குழாய்ப் பக்கமாக எழும்பி வாழைப்பழம் போல வளைந்துவிடும். முதல், நான்காம் சிலிண்டர் வாய்களில் புகை கசிவதற்கு இதுவே காரணம். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது; கேஸ்கெட் எரியும், அல்லது ஸ்டட் முறியும்.

இதற்கு எதிராக நான்கு ஏற்பாடுகளைச் சேர்த்தே செய்தேன். ஒன்று, 25 மி.மீ. கனத் தகட்டை மில்லிங்கில் மட்டம் எடுத்து, ஸ்டட் துளைகள் போட்டு ஜிக் ஆக்கினேன். ஃபிளேஞ்சை அதில் மாட்டும்போது நடுவில் அரை மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து, இரு முனைகளையும் ஜிக்கோடு இழுத்து இறுக்கினேன். அதாவது வெல்டிங் எந்தப் பக்கம் வளைக்குமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் முன்கூட்டியே வளைத்து வைத்தேன். இரண்டாவது, குழாயின் வாயை ஃபிளேஞ்சின் முகத்தோடு சமமாக நிறுத்தாமல் 3 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தேன். அந்தப் பள்ளத்தில் உட்பக்கமாகவும் ஒரு வெல்டு போட இடம் கிடைக்கிறது. உள்வெல்டு இழுக்கும் திசை வெளிவெல்டுக்கு எதிரானது என்பதால் ஒன்றை ஒன்று ஓரளவு சமன்செய்கின்றன.

மூன்றாவதுதான் பொறுமையைச் சோதிப்பது. எந்தக் குழாயையும் ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைக்கக்கூடாது. இரண்டாம் குழாயில் கால் வட்டம், பிறகு நான்காவதில், பிறகு முதலாவதில், பிறகு மூன்றாவதில் என்று தாவித் தாவிப் போக வேண்டும். ஒவ்வொரு கால் வட்டத்துக்குப் பின்னும் தகட்டைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறவிட வேண்டும். எனக்கு டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு சூழச் செய்யும் வெல்டிங்) செய்துகொடுத்த, கோவை கணபதி பகுதி வெல்டர், நான் அவசரப்பட்டபோதெல்லாம் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "சூடு ஆறட்டுங்கண்ணா, இரும்புக்கு அவசரம் தெரியாதுங்க" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுவார். அவர் சொன்னதே சரி. ஸ்டெயின்லெஸ் குழாயை மைல்டு ஸ்டீல் ஃபிளேஞ்சோடு சேர்க்க 309 எல் கம்பி. குழாயோடு குழாய் சேருமிடத்தில் 308 எல். குழாய்களின் வாயை அலுமினிய டேப்பால் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விட்டோம். உள்ளே விடும் இந்த ஆர்கானைச் சிக்கனம் பார்த்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. அப்படித் தவிர்த்தால் வெல்டின் உட்புறம் கரும் பொருக்குப் பொருக்காகப் பூத்து, பின்னாளில் உதிர்ந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டரில் போய் அடைக்கும்.

நான்காவது, முழுதும் குளிரும்வரை, அதாவது மறுநாள் காலைவரை, ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை.

குளிர்ந்ததும் கழற்றியபோதுதான் மேலே சொன்ன அளவு கிடைத்தது. மில்லிங்கில் முகத்தைச் சீவத் தேவையே வரவில்லை. அதன்பின் இரண்டாவது, மூன்றாவது துளைகளுக்கு இடையே ஃபிளேஞ்சை அறுத்து இரண்டு துண்டாக்கினேன். சூடேறும்போது ஒவ்வொரு பாதியும் தன்போக்கில் நீள இடம் வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ், மைல்டு ஸ்டீலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும்; 400 மி.மீ. நீளமுள்ள குழாய் 600 டிகிரி சூடேறினால் 4 மி.மீ. நீளும். எனவே 8 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு நடுவில் 9 மி.மீ. துளையும், முனைகளில் 10 மி.மீ. துளையும் விட்டிருக்கிறேன்.

பெண்டுகள் (வளைந்த குழாய்த் துண்டுகள்) வாங்கிய அனுபவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாண்ட்ரல் பெண்டு (உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்தது) என்று விலைப்பட்டியலில் போட்டிருந்த ஒரு கடையிலிருந்து வந்தவற்றில், வளைவின் உட்பக்கம் சுருக்கம் விழுந்தும் வெளிப்பக்கம் தட்டையாகியும் இருந்தன. கண்ணால் பார்த்து ஏமாறாமல் இருக்க, லேத்தில் 28 மி.மீ. நைலான் குண்டு ஒன்றைக் கடைந்து வைத்துக்கொண்டேன். பெண்டைச் செங்குத்தாகப் பிடித்துக் குண்டைப் போட்டால், அது தன் எடையிலேயே உருண்டு மறுமுனைக்கு வர வேண்டும். நடுவில் நின்றால் அந்தப் பெண்டு திரும்பிப் போகும். கடைக்காரர் முணுமுணுத்தாலும் மாற்றிக் கொடுத்தார். உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் பால்பண்ணைக் குழாய்த் துண்டுகள் அவ்வப்போது கிடைக்கும். அவை நல்ல 304, ஆனால் அளவு கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கரிவரதன் கட்டிய ஊர் இது. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் கோவையில் இன்றும் பஞ்சமில்லை. நல்ல பெண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஹெட்டில் மாட்டிய பிறகு, எஞ்சினைக் கிளப்பும் முன் கசிவு பார்த்தேன். வேக்யூம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைப் பின்குழாயில் செருகி, ஃபிளேஞ்சைச் சுற்றி சோப்பு நீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். ஃபிளேஞ்சில் எங்கும் இல்லை. குழாய்கள் ஒன்றாகச் சேரும் கலெக்டரின் மூலையில் மட்டும் சிறு குமிழ்கள் வரிசையாக வந்தன. அந்த இடத்தைச் சுரண்டி மறுவெல்டு போட்டாயிற்று. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிக்கு இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிந்தால், துடிப்புகளின் இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைக் கண்டு பெட்ரோல் குறைவு என்று சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். சென்சாரை நான்கு சிலிண்டர் புகையும் கலந்து வரும் கலெக்டருக்குப் பின்னால், தண்ணீர் தேங்காதபடி சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தேன். அதற்கான பங் (சென்சாரைத் திருகும் வளையம்), 18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்சும் கொண்ட வழக்கமான மரைதான்.

பலன் எப்படி என்று கேட்பவர்களுக்கு: டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) இன்னும் ஏற்றவில்லை, ஆகவே எண் சொல்ல மாட்டேன். ஹெடர் மட்டும் மாற்றி இருபது குதிரை ஏறியது என்று சொல்பவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் வழக்கமாகப் பழகும் மண்மேட்டில், லோ ரேஞ்சில் முதல் கியருக்கு இறங்கியே ஆக வேண்டியிருந்த திருப்பத்தை இப்போது இரண்டாம் கியரிலேயே, ஆக்சிலரேட்டரைப் பாதிகூட அழுத்தாமல், எஞ்சின் திணறாமல் வண்டி கடக்கிறது. 2500 சுற்றைத் தாண்டியதும் இழுவை தடுமாற்றமின்றிக் கூடிக்கொண்டே போவது காலுக்கே தெரிகிறது. மெல்லிய குழாய் என்பதால் குளிர் எஞ்சினில் உலோகச் சத்தம் சற்று அதிகம், சூடேறியதும் அடங்கிவிடுகிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் நினைவூட்டுகிறேன்: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. என் ஜிப்சி போட்டிக்கு மட்டுமானது, டிரெய்லரில் ஏற்றித்தான் போகிறது. அப்படியிருந்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டரையும் சைலன்ஸரையும் கழற்றவில்லை. கழற்றினால் சத்தமும் நாற்றமும் கூடுமே தவிர, இந்த எஞ்சினுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

எஞ்சியிருப்பது பெல்லோஸ். மேடுபள்ளத்தில் எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடுகிறது, சைலன்ஸரோ சேஸிஸில் தொங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளைந்துகொடுக்கும் துண்டு இல்லாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் ஃபிளேஞ்ச் வெல்டில் போய் விழும், இவ்வளவு பாடுபட்டு நேராக வைத்த வெல்டு விரிசல் விடும். பின்னல் உறை போட்ட பெல்லோஸ் வந்துவிட்டது; கலெக்டருக்குப் பின்னால் அதைப் பொருத்தி, கலெக்டரைக் கியர்பாக்ஸோடு ஒரு பிராக்கெட்டில் பிடிக்க வேண்டும். அதுவரை வண்டியை மண்மேட்டைத் தாண்டி எங்கும் கொண்டுபோவதாக இல்லை. வெப்பத்துக்கு நாடா சுற்றும் எண்ணமும் இல்லை. ஓடையில் இறங்கி ஏறும் வண்டியில் அந்த நாடா ஈரத்தையும் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செராமிக் கோட்டிங்தான் என் தேர்வு. அதற்கு அனுப்பும் முன் இன்னும் சிலமுறை நன்றாகச் சூடேற்றி ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்டட் நட்டுகளை நடுவிலிருந்து முனை நோக்கி டார்க் ரெஞ்சில் மறுபடி பிடித்து, அதே 0.1 மி.மீ. கேஜை மீண்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.