ஒரு பாவுக்கு மூன்று சேலை

17 ஜூலை 2025, வியாழன்

இந்தப் பக்கம் ஆடி பிறந்துவிட்டது. கேரள எல்லையான இஞ்சிவிளையைத் தாண்டினால் இதே மாதம் கர்க்கடகம். இரண்டு பக்கமும் முகூர்த்தம் இல்லாததால், காலையிலிருந்து கடைப்படி ஏறியவர்கள் ஃபால்ஸ் அடிக்கச் சேலை கொண்டுவந்தவர்கள் மட்டுமே. ஆனாலும் கல்யாணத் துணிக்கடைக்கு இது சும்மா இருக்கும் மாதம் அன்று. ஆவணியில் விற்க வேண்டியதை இப்போதே வாங்கியாக வேண்டும். அதுவும் பங்குனி, சித்திரை விற்பனையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள பெரிய கடைகள் ஒரே அரக்குச் சிவப்பில் நாற்பது சேலையை விரித்துக் காட்டும். எண்ணிக்கையில் அவர்களோடு மல்லுக்கு நிற்பது என்னைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம். அவர்கள் பெயருக்கு வைத்திருக்கும் ஒன்றை நான் ஆழமாக வைத்திருக்க வேண்டும். கிறிஸ்தவ மணப்பெண்கள் உடுத்தும் ஹாஃப் ஒயிட் பட்டு, அதுவும் கோர்வை போட்டது, அதாவது தனி நாடாவில் கரை நெய்து உடலோடு பிணைத்தது, அப்படிப்பட்ட ஒன்று என்பது என் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று ஒரு பாதிக்குக் கதவு அடைபடும். தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் மறுபாதிக்கு அடைபடும். இரண்டு நாட்காட்டிக்கும் சரக்கு வைத்திருந்தால் வாடகை கொடுக்கக் கை கடிக்காது.

மைனிக்கு (அண்ணிக்கு) இது பிடிக்கவில்லை. "வெள்ளையில கொண்டு பைசாவைப் போடாத, மக்கா" என்றாள். காஞ்சிபுரத்துக்கு முன்பணம் போய்விட்டது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

19 ஜூலை

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் என் மூன்று வெள்ளைச் சேலைக்கான பாவை, அதாவது நீளவாக்கு நூலை, தறியில் பிணைத்துவிட்டதாகச் சொன்னார்.

23 ஜூலை

பவுன் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நகைக்குக் கூடுதலாகப் போகும் பணத்தைக் கல்யாண வீட்டார் சேலையில்தான் பிடிப்பார்கள் என்பதால், நகைக்கடைக்காரரைவிட எனக்கே இந்தச் செய்தி அதிகம் உறைத்தது. வெள்ளி விலையும் சேர்ந்து ஏறுவதால் ஜரிகை விலையும் ஏறும். வாங்குபவர் குறைக்கச் சொல்ல, நெய்பவர் கூட்டிக் கேட்க, நடுவில் நான் நிற்கிறேன்.

மூன்று சேலைகளுக்கும் பழைய ஜரிகை விலையே என்று தறிக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை.

26 ஜூலை, சனி

கேரளத்துக் கைத்தறி ஊரான பாலராமபுரம் போய் வந்தேன். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) இந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய சாலியர் என்ற நெசவாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறார்கள். அதனால் விலை பேசும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். இம்முறை அந்தத் தைரியத்தால் பயனில்லை. "ஓணத்துக்கு எல்லாத் தறியும் பேசி முடிஞ்சாச்சு, மக்களே. விஷு கழிஞ்ச உடனே வந்திருக்கணும்" என்று பெரியவர் கையை விரித்தார். கடைசியில், மாப்பிள்ளை பெண்ணுக்குப் புடவை கொடுக்கும் சடங்கான புடவை கொடைக்கென்று வேறு யாரோ சொல்லி வைத்து எடுக்காமல் விட்ட சில கசவுச் சேலைகளைக் கொடுத்தார்.

அவர் திண்ணையிலேயே ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன். குழித்தறியில் நெய்ததற்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கரையில் நூல் தொங்கக் கூடாது. அதே தெருவின் முனையில் விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்கி அடுக்கினால் லாபம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாறசாலையிலிருந்து வரும் அம்மாமார் பார்க்க வேண்டியதில்லை, தொட்டே சொல்லிவிடுவார்கள்.

30 ஜூலை

காஞ்சிபுரத்தில் தறி நிற்கிறது. தறிக்காரரின் மனைவிக்குக் காய்ச்சல்.

31 ஜூலை

கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். ஒருவர் உடலை நெய்ய, பக்கத்தில் அமர்ந்தவர் ஒவ்வொரு ஊடைக்கும் கரை நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவர் மனைவி. கூலிக்கு வேறு ஆள் வைத்தால் கரையின் இறுக்கம் மாறி, சேலையின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் என்று அவரே சொல்கிறார். ஏஜெண்ட் மூலம் வாங்கியிருந்தால் ஒரு தறி நின்றால் இன்னொரு தறியிலிருந்து வரும். அந்த வசதிக்குத்தான் ஏஜெண்ட் கமிஷன் வாங்குகிறார். நேரடியாக வாங்குகிறவருக்கு நெசவாளர் வீட்டுக் காய்ச்சலும் கொள்முதலில் சேர்த்தி.

ஒரு பாவில் மூன்று சேலை வரும் என்பதால் ஒரே வெள்ளையில் மூன்றையும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். முதல் சேலைக்கு ஆள் இருக்கிறது, ஆவணிக் கல்யாணம். மற்ற இரண்டுக்கு இல்லை. வெள்ளைப் பட்டு ஆறு மாதம் அலமாரியில் இருந்தால் மடிப்புக் கோட்டில் மஞ்சள் ஏறும். இந்த ஊர் மழை ஈரத்தில் வெள்ளி ஜரிகை கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி மாற்றி வைத்தாலும் கவலை தீராது.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. தறி நிற்கிறது.

7 ஆகஸ்ட்

தேசியக் கைத்தறி நாளாம். 1905 ஆகஸ்ட் 7 அன்று சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக 2015 முதல் கொண்டாடுகிறார்கள். வாழ்த்துப் படங்கள் காலையிலிருந்து போனில் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. நான் எதிர்பார்த்த ஒரு அழைப்பு மட்டும் வரவில்லை.

12 ஆகஸ்ட்

சூரத்திலிருந்து கல்யாணக் கவுன் வியாபாரியின் ஆள் வந்தார். நெட், கிரீடம், கையுறை வரை எல்லாம் சேர்த்து மூன்று மாதக் கடன் என்றார். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கேட்க இனிப்பாக இருந்தது. திருப்பி எடுக்கும் கூலி யார் தலையில் என்று கேட்டபோது பேச்சை மாற்றினார்.

கடனைப் பற்றி ஆடிட்டர் முன்பே எச்சரித்திருக்கிறார். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேராவிட்டால், கொடுக்கும்வரை அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. 2024 ஏப்ரலிலிருந்து இதுவே விதி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாததால்தான் சூரத்துக்காரர் தாராளமாக மூன்று மாதம் கொடுக்கிறார். விளைவு என்னவென்றால், நெய்கிறவருக்குக் கையோடு பணம், இடையில் இருப்பவருக்குக் கடன். என் மாதிரிக் கடைக்கு முதலை முடக்குவது இதுதான் என்றாலும், விதியில் எனக்கு வருத்தமில்லை. நெசவாளருக்கு நாள் தவறாமல் கொடுத்த கடைக்குத்தான் நெருக்கடியில் தறி கிடைக்கும்.

கவுனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடற்கரை ஊர்களில் கவுன் கேட்கிறார்கள் என்பது உண்மை.

16 ஆகஸ்ட்

நேற்றுச் செங்கோட்டை உரையில் பிரதமர் ஜி.எஸ்.டி. மாற்றம் வரும் என்று சொன்னதிலிருந்து, மொத்த வியாபாரிகள் யாரும் புதிய பில் போட மனமில்லாமல் இருக்கிறார்கள். நாளை ஆவணி.

தறி ஓடுகிறதாம்! காய்ச்சலில் இறுகிப்போன முழங்கையைத் தறிக்காரர் மனைவிக்கு இப்போது மடக்க வருகிறதாம். அரை நாள் அமர்கிறார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் சேலை வந்தது. கடையைச் சாத்திவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரித்தேன். வெள்ளை எப்படிப்பட்டது என்பது இன்னொரு வெள்ளையின் மேல்தான் தெரியும். இது பால் வெள்ளையும் இல்லை, சந்தனமும் இல்லை. குழல் விளக்கில் ஒரு மாதிரியும் வாசல் வெயிலில் ஒரு மாதிரியும் இருந்தது. உள்பக்கம் கரையும் உடலும் பிணையும் இடத்தில் விரலை ஓட்டினேன், மூன்று கெஜம் தள்ளியும் அதே இறுக்கம். வெட்டுமுனையில் நீட்டிக்கொண்டிருந்த ஜரிகை இழையை நகத்தால் சுரண்டியதும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது, அசல் ஜரிகைதான். பில்லிலும் பழைய விலைதான் போட்டிருக்கிறார்.

இரவே பணத்தை அனுப்பிவிட்டேன். மைனி வந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

29 ஆகஸ்ட்

மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைச் சபைக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் சேலையான மந்திரகோடி எடுக்க வந்தது. பெரிய கடையில் பிடித்த சிவப்புப் பட்டு கிடைத்திருக்கிறது. ஆனால் அதில் ஏற்கெனவே குஞ்சம் கட்டி ஓரமும் அடித்திருந்ததால் மாப்பிள்ளையின் தாயார் வேண்டாம் என்று எழுந்துவிட்டாராம். மந்திரகோடியிலிருந்து உருவும் ஏழு நூலைத் திரித்துத்தான் மின்னு என்ற தாலியைக் கோக்க வேண்டும். முடிச்சுப் போட்ட முந்தியில் நூல் உருவ வராது. சிவப்புப் பட்டில் சிலவற்றையாவது குஞ்சம் கட்டாமல் அனுப்புங்கள் என்று நான் நெசவாளர்களிடம் எப்போதும் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். இதற்குத் தனி விலையும் கிடையாது, தனி உழைப்பும் கிடையாது; கேட்டு வாங்கினால் போதும்.

தாயார் கிளம்பும்போது, "பெண்ணு வீட்டுக்காரங்க வெள்ளை இன்னும் எடுக்கல்ல" என்றார். இரண்டாவது சேலை புதன்கிழமை பார்சலில் ஏறும்.

4 செப்டம்பர்

நேற்று இரவு ஜி.எஸ்.டி. முடிவு வந்துவிட்டது. தைத்த ஆடை 2,500 ரூபாய்வரை 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 12 என்று இருந்தது 18 ஆகிறது. 22-ஆம் தேதி முதல் நடைமுறை. சேலை தைக்காத துணி என்பதால் என்ன விலையானாலும் பழைய 5 சதவீதமே. 12,000 ரூபாய் கவுனுக்கு 1,440 ஆக இருந்த வரி 2,160 ஆகும். அதே விலைச் சேலைக்கு 600. கல்யாண உடையை ஆடம்பரமாக நினைத்துவிட்டார்கள் போலும். வாழ்நாளில் ஒரு முறை உடுத்துவதற்காகக் கடன் வாங்கும் மீனவக் குடும்பங்களை இந்தக் கணக்கைப் போட்டவர்கள் பார்த்ததில்லை.

சூரத்துக்காரர் மதியத்துக்குள் மூன்று முறை கூப்பிட்டார். 22-க்கு முன்னால் பில் போட்டால் 12 சதவீதத்தில் தருகிறேன் என்கிறார். 22-க்குப் பிறகு நான் விற்கும்போது 18 தானே போட வேண்டும்? அதை அவர் சொல்லவில்லை.

நாளை திருவோணம். கசவுச் சேலை எல்லாம் தீர்ந்தது.

6 செப்டம்பர்

பவுன் 80,000. காலையில் வந்த குடும்பம் முகூர்த்தத்துக்கும் வரவேற்புக்கும் இரண்டு பட்டு என்று பேசி வைத்திருந்ததை ஒன்றாகக் குறைத்துக்கொண்டது.

பெண் வீட்டார் வந்து இரண்டாவது வெள்ளையை எடுத்தார்கள். மூன்றாவது பாதி ஆகியிருக்கிறது. அடுத்த பாவையும் வெள்ளையாகவே போடவா என்று தறிக்காரர் கேட்கிறார். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். டிசம்பரில் திருவருகைக் காலம், பிப்ரவரி 18-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். கிறிஸ்துமஸ் முடிந்து அதற்குள் ஏழு வாரம் கிடைக்கிறது. போடச் சொல்லப் போகிறேன், முந்தியில் மட்டும் ஜரிகையைக் குறைத்து.