பைப்பெட் பிடிக்கப் பழகிய கதை

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்களைத் திரட்டினால், கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு கல்லூரியே தொடங்கிவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறை தொழிலாக வளர்ந்ததே இந்த மண்ணில்தான். 1976-இல் ஹெர்பர்ட் பாயரும் ராபர்ட் ஸ்வான்சனும் தொடங்கிய ஜெனென்டெக் இங்கே சவுத் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. கேரி முல்லிஸ் 1983-இல், டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையை யோசித்தது பக்கத்து எமரிவில்லில் சீட்டஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது. பரீட்சைக்காக உருப்போட்ட பெயர்கள் எல்லாம் இங்கே ஃப்ரீவே பலகைகளுக்குப் பின்னால் இருந்தன. நான் காரில் அவற்றைத் தாண்டி மளிகைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எச்4-இல் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கணவரின் கிரீன் கார்டுக்காக அவரது கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டால், வேலை அனுமதியான ஈஏடி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2015-இல் ஒரு வழி திறந்தார்கள். எங்கள் ஐ-140 அப்போது பேச்சளவில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் மகளின் ஹைஸ்கூலிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: பயோடெக் லேபில் உதவிக்கு வாலண்டியர்கள் தேவை. பள்ளியில் சம்பளமில்லாமல் உதவி செய்யத் தடையில்லை என்பதால் உடனே பதில் போட்டேன். மகள் அந்த வகுப்பில் இல்லை, இனிமேல் சேரப்போவதுமில்லை. அம்மா கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும் லேபில் எந்தப் பதினான்கு வயதுப் பெண் சேருவாள்?

உள்ளே நுழைவதற்குள் இரண்டு சடங்குகள். ஒன்று லைவ் ஸ்கேன்: கைரேகை எடுத்து மாநில நீதித்துறைக்கு அனுப்பி, குற்றப் பின்னணி இல்லை என்று தெரிந்துகொள்வது. இன்னொன்று காசநோய் விசாரிப்பு. பிறந்த நாடு இந்தியா என்று எழுதியதுமே பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன வயதில் பிசிஜி ஊசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் பரிசோதனை சில சமயம் சும்மாவே வீங்கி, நோய் இருப்பதுபோலக் காட்டும். அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். ரத்தப் பரிசோதனையில் இந்தக் குழப்பம் கிடையாது. வாலண்டியராகப் போக நினைப்பவர்கள் முதலிலேயே ரத்தப் பரிசோதனையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஆசிரியை என் படிப்பைக் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு எல்லாமே தெரியும்" என்றார். பேப்பரில் பார்த்தால் அது உண்மைதான். நான் படித்த கல்லூரியில், டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டு நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலெக்ட்ரோஃபோரெசிஸ் நடந்தது. சுற்றி ஒரு வகுப்பே நிற்க, லேப் உதவியாளர் ஒருவர் குனிந்து ஏதோ செய்தார், முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம். துளித்துளியாகத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபைப்பெட் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நொதிகள் விலை அதிகம், உறைநிலையில் வைக்க வேண்டும், மின்சாரம் போனால் போச்சு. ஆனாலும் முதுகலை முடித்தவள் கையில் எடுத்திராத கருவியை இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆரம்ப வகுப்புகளில் டி.என்.ஏ.வும் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது. வெறும் தண்ணீர்தான். தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விடவேண்டும். 0.1 கிராம் காட்டவேண்டும். காட்டாது. பைப்பெட்டின் தலையை அழுத்தும்போது இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன. முதல் நிறுத்தம்வரை அழுத்தி, நுனியை நீருக்குள் வைத்து, கட்டைவிரலை மெதுவாக விட்டால் சரியான அளவு ஏறும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது நிறுத்தம்வரை போக வேண்டும். எடுக்கும்போதே இரண்டாவதுவரை அழுத்தியவருக்கு அளவு கூடிவிடும். விரலைச் சட்டென்று எடுத்தவருக்கு நீரோடு காற்றும் ஏறி அளவு குறையும். இது போதாதென்று அளவுக் கட்டத்தில் 200 என்று இருந்தால் ஒரு பைப்பெட்டில் 200 மைக்ரோலிட்டர், இன்னொன்றில் 20. எது எது என்று தலையில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் கட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஆசிரியை முன்பு மருந்துக் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருந்தவர். தொழில் சார்ந்த பாடங்களுக்கு இந்த மாநிலத்தில் துறை அனுபவத்தை வைத்தே ஆசிரியர் உரிமம் தருகிறார்கள். மேசைக்கு மேசை போய் முழங்கைகளைத்தான் பார்ப்பார். "முழங்கையை மேசையில் ஊன்று, மற்றக் கையால் தாங்கு" என்பார். எனக்கும் அதையே சொன்னார். தராசின் எண் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்து நின்ற நாளில் எனக்கு ஏற்பட்ட திருப்தி, முதுகலைச் சான்றிதழ் வாங்கியபோது ஏற்படவில்லை என்றால் மிகை இல்லை.

என் முக்கிய வேலை தயாரிப்பு. பள்ளியில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கிடையாது, அதற்குப் பதில் ஒரு பெரிய பிரெஷர் குக்கர். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏறினால் உள்ளே 121 டிகிரி. ஆட்டோகிளேவிலும் அதே கணக்குதான். குக்கர் என்றாலே இரண்டடி தள்ளி நிற்பவர்கள் நிறைந்த ஊரில், அதன் பக்கத்தில் சாவகாசமாக நிற்பவள் என்ற முறையிலேயே எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. பாக்டீரியா வளர்க்கும் அகர் ஊடகத்தை அதில் காய்ச்சி, பாட்டிலைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிட்டு, அதன் பிறகே பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைச் சேர்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் மருந்து செத்துவிடும். ரொம்ப ஆறவிட்டால் தட்டில் ஊற்றும்போதே கட்டி தட்டும். உறைந்த தட்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மூடியில் கோத்த நீர் சொட்டி எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

இந்தத் தட்டுகள் எதற்கு என்று சொல்லியாக வேண்டும். ஜெல்லிமீன் ஒன்றின் பச்சை ஒளிர் புரதத்துக்கான மரபணுவை, ஆபத்தில்லாத ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வழியாகப் புகுத்தும் சோதனை இங்கே பல பள்ளிகளில் வழக்கம். அந்தப் புரதத்துக்காகத்தான் 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. குளிர்ந்த கால்சியம் குளோரைடு கரைசலில் பாக்டீரியாவை வைத்து, ஒரு குழாயில் மட்டும் பிளாஸ்மிட் போட்டு, இரண்டு குழாய்களையும் ஐஸிலிருந்து 42 டிகிரி நீருக்கு மாற்றி 50 வினாடி கழித்து மறுபடி ஐஸுக்குள் தள்ளுவார்கள். அந்த அதிர்ச்சியில் சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணுவும் இருப்பதால், வாங்கியவை மட்டும் அந்த மருந்துத் தட்டில் பிழைக்கும். அராபினோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த தட்டில் மட்டும், புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும்.

ஒரு குழுவுக்கு எதுவுமே வரவில்லை. மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால், பிளாஸ்மிட் போட்ட இரண்டு தட்டுகளும் துடைத்துவிட்டதுபோலக் காலி. அந்தக் குழுவில் ஒரு தமிழ்ப் பையன். இங்கேயே பிறந்தவன், தமிழ் பேச வெட்கப்படாதவன்.

"ஆன்ட்டி, எங்களுக்கு ஒண்ணுமே வரல. பக்கத்து டேபிள் தட்டை போட்டோ எடுத்து ஒட்டிக்கலாமா?"

ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் உப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே அது என்ன உப்பு என்று தெரிந்துகொண்டு போனவள் நான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் போட்டோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எந்தத் தட்டில் வளர்ந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மருந்தில்லாத தட்டில், பிளாஸ்மிட் போடாத பாக்டீரியா புல்வெளியாக மண்டியிருந்தது. அப்படியானால் கொண்டுவந்த பாக்டீரியா உயிரோடுதான் இருந்திருக்கிறது. பிளாஸ்மிட் குழாயில் இருந்தவை சூட்டில் செத்தனவா, இல்லை பிளாஸ்மிட்டே உள்ளே போகவில்லையா? அதே குழுவில் இருந்த ஒரு பெண் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்மிட் குழாயிலிருந்து மருந்தில்லாத தட்டில் கொஞ்சம் தடவியிருந்தால் தெரிந்திருக்குமே, அந்த ஐந்தாவது தட்டு ஏன் நமக்குக் கொடுக்கவில்லை?" என்றாள். கிட்டில் நான்கு தட்டுகளுக்குத்தான் குறிப்பு. ஆசிரியை அவர்களுக்கு மறுபடி செய்ய நேரம் கொடுத்தார், என்னிடம் கூடுதலாகத் தட்டு ஊற்றச் சொன்னார். பச்சையாக மின்னிய தட்டுகளைவிட அந்தக் காலித் தட்டுகளால்தான் அந்த வகுப்பு அன்று உருப்படியாக யோசித்தது.

நோட்டு விஷயத்தில் மட்டும் அவர் கறார். பேனாவால்தான் எழுதவேண்டும். வெள்ளை மை கூடாது. தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தும் தேதியும். பக்கத்தில் மிச்சம் இடம் இருந்தால் குறுக்கே கோடு. கூட இருந்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்து. இது வெறும் பள்ளி ஒழுங்கு இல்லை. அமெரிக்காவில் 2013 மார்ச்வரை, முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை என்ற சட்டம் இருந்தது. யார் முதலில் என்று சண்டை வந்தால் லேப் நோட்டுதான் சாட்சி. இப்போது முதலில் விண்ணப்பித்தவருக்கு என்று மாறிவிட்டாலும், மருந்து தயாரிக்கும் இடங்களில் பதிவேட்டில் இல்லாத வேலை நடக்காத வேலைதான். பூவேலை போட்ட அட்டையும் வண்ணப் பென்சில் படமுமாக நான் வைத்திருந்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ!

பெற்றோர் பக்கமும் சொல்லவேண்டும். நான் அங்கே போகிறேன் என்று தெரிந்ததும் தமிழ் அம்மாக்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. "அக்கா, அது தொழிற்கல்விப் பிரிவில் வருதாமே? அதுக்குப் பதிலா ஏபி பயாலஜி எடுத்தா ஜிபிஏ ஏறுமே?" கவலை நியாயமானதுதான். கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்புக்கு, ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியில் கூடுதல் எடை உண்டு. ஆனால் பல பள்ளிகளின் பயோடெக் பாடத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தேவையான அறிவியல் பாடமாகவே ஏற்கிறது; உங்கள் பள்ளிப் பாடம் அந்தப் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவுன்சிலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். முடிந்தவர்கள் இரண்டையும் எடுக்கட்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் குறையும் இருக்கிறது. எல்லாம் அளந்து அடைத்த கிட்டாக வருவதால், ஏன் என்று கேட்காமலேயே ஒரு பிள்ளை வருடத்தை ஓட்டிவிட முடியும். பி.சி.ஆர். கருவி 94 டிகிரிக்குப் போகும்போது அதில் இருக்கும் நொதி மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டேன். மேசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வந்த நொதி அது என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்ன அன்று நானும் கொஞ்சம் உபயோகமான ஆளானேன்.

வருடக் கடைசியில் அவரவர் கன்னத்து உட்புறச் செல்லிலிருந்தே டி.என்.ஏ. எடுத்தோம். 16-ஆவது குரோமோசோமில் ஓரிடத்தில், சுமார் 300 எழுத்து நீளமுள்ள ஆலு என்ற துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் பள்ளிக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் குழாய்களில் பெயர் எழுத விடவில்லை, எண்தான். அந்த இடத்தை நகலெடுக்கும் பி.சி.ஆர். கருவி பல மணி நேரம் ஓடவேண்டும் என்பதால் இரவில் ஓடவிட்டு, அடுத்த வகுப்பில் ஜெல்லில் ஏற்றினோம். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம், ஆகவே நேர்மின் முனையான சிவப்பு முனையை நோக்கி ஓடும். ஜெல்லில் மாதிரி விடும் குழிகளில் எனக்கு ஒன்று மிச்சம் வைத்திருந்தார்கள். முழங்கையை ஊன்றி, நுனியால் குழியின் அடியைக் குத்தாமல், மாதிரியை மெதுவாக இறக்கினேன்.

துண்டு இருப்பதற்கு 941 எழுத்து நீளத்தில் ஒரு பட்டை, இல்லாததற்கு 641-இல் ஒரு பட்டை. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தத் துண்டு எனக்கு வந்திருக்கிறது. யாரிடமிருந்து என்று தெரிய வேண்டுமானால் அவர்களையும் ஜெல்லில் ஏற்றவேண்டும். வார இறுதியில் போனில் அம்மாவிடம் சொன்னேன். "உங்க அப்பா பக்கத்துலேர்ந்துதான் இருக்கும், அவங்க குடும்பத்துலதான் இப்படி தேவையில்லாதது எல்லாம் இருக்கும்" என்றார்.