கேம்பர் வேனோடு நீலகிரி ஏறி இறங்க: எடை, டயர், பிரேக்

படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே வைத்த கேம்பர் வேனைச் சரியாகப் பராமரித்திருக்கிறோமா என்பது ஊட்டியிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில் இருக்கிறது. 3,500 கிலோ வண்டி இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது ஏறத்தாழ 18 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் சூடாக வெளியேற வேண்டும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை ஒன்பது மணி நேரம் போட்டுவைத்தால் வரும் சூடு அது. அதில் இன்ஜின் எவ்வளவு தாங்குகிறது, பிரேக் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் முதல் வேலை எடை மேடை. கட்டில், அலமாரி செய்யும்போது யாரும் எடையைக் கணக்குப் பார்ப்பதில்லை. 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 32 முதல் 37 கிலோ வரும். ஆறு ஷீட் போட்டால் 200 கிலோ போய்விட்டது. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாரோடும் வண்டியை மேடையில் ஏற்றுங்கள். முதலில் முன்சக்கரங்கள் மட்டும், பிறகு முழு வண்டி. கழித்தால் பின் ஆக்ஸில் எடை கிடைக்கும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் சாமானை இறக்கத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. பின் பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தால் தண்ணீர் டேங்கையும் பேட்டரியையும் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். டேங்குக்குள் தடுப்புப் பலகை இல்லையென்றால் பாதி நிறைந்த தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாயும். மலைக்கு முழுசாக நிரப்புங்கள், இல்லையேல் காலியாக வையுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும்.

டயரில் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதாது. கேம்பர் வேன் அதிகம் ஓடாது, நின்றே இருக்கும். பட்டன் புதுசு போலத் தெரியும், ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய டயரோடு மலை ஏறக்கூடாது என்பது என் கருத்து. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்று பிடியுங்கள். மேலே போனதும் அளந்து பார்த்துக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பி.எஸ்.ஐ. வரை கூட்டிக் காட்டும்; ஊட்டிக் குளிர் குறைத்துக் காட்டும். கீழே வந்தால் பழைய அளவுக்கே வந்துவிடும். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள்.

ஏற்றத்தில் தொல்லை கொடுப்பது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட். கலந்தே விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள். கோவைப் பக்கத்து போர் தண்ணீர் ரேடியேட்டருக்குள் உப்பாகப் படிந்து அடைக்கும். ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சி, தூசியை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெல்லக் கழுவுங்கள். இன்ஜின் சூடு காட்டும் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள், கியரைக் குறையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பிஎஸ்-6 டீசல் வண்டியென்றால் இன்னொன்றும் உண்டு. புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் சைலன்சர் கடுமையாகச் சுடும். மசினகுடிப் பக்கம் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் காட்டுக்கே ஆபத்து.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் டேங்க் தண்ணீரையே நம்ப வேண்டும். 100 லிட்டருக்கு 100 மி.லி., 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (மணம் சேர்க்காதது) கலந்து குழாய்கள் எல்லாவற்றிலும் ஓடவிட்டு, நாலு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இ-பாஸையும் (ஆன்லைன் நுழைவு அனுமதி) எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

ராத்திரி தங்கும்போது கேஸ்தான் கவலை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்குத் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும். கேஸ் அலாரமும் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். ரெகுலேட்டர், டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். குளிருக்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே எரியவிட்டுத் தூங்குவது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அதற்கான அலாரத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். ஜனவரி உறைபனியில் லித்தியம் பேட்டரியை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. வண்டிக்குள் இருந்தால் அந்தச் சிக்கல் அநேகமாக வராது.

இனி இறக்கம். கிளம்புமுன்பே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். டிஸ்க் பேட் 3 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் மாற்றுங்கள். பின் டிரம்மில் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கசிவு. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட்-4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் மெத்தென்று தரை வரை போகும். லைனிங் சூடாகிப் பிடிப்பு விட்டால் அடையாளம் வேறு: பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. முதலாவது வந்தால் பெடலை வேகமாகப் பலமுறை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். இரண்டிலுமே கியரைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும்.

இறக்கத்தில் இரண்டாம் கியர் என்று போலீஸ் பலகை வைத்திருப்பது காரணத்தோடுதான். கியரை வளைவில் தேடாமல் இறக்கம் தொடங்குமுன்பே போடுங்கள். காலை பெடலிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. வேகம் ஏறினால் அழுத்திப் பிடித்து 10 கி.மீ. குறைத்துவிட்டுக் காலை முழுசாக எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிப்பே இருக்காது. இன்ஜினையும் அணைத்தால் பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டர் போய்விடும், பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். கோடை சீசனில் குன்னூர் வழியே ஏற்றி கோத்தகிரி வழியே இறக்கிவிடுவார்கள். அப்போதும் இதே முறைதான்.

கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும். பின் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கினால் ஷூ ஒட்டிக்கொள்ளக்கூடும். இன்ஜினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் பைக்கில் வருபவர் உயிர் அதில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் தண்ணீர் டேங்கைக் காலிசெய்து பம்பின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். கழிவுத் தொட்டியை முறையான இடத்தில் மட்டுமே கொட்டுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, ஸ்டார்ட்டிங் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சோலார் பேனல் போல்ட்டுகளைச் சுற்றிய பூச்சு வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு பி.யு. சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசுங்கள். அடுத்த மழைக்கு முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.